எட்டாவது இடத்தில் சிங்கம்

புதன்கிழமை காலை வந்த அந்தப் பெண் குடையை மடக்குவதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டாள். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தன்னை மனநோய் விடுதிக்கு அனுப்பும் உத்தரவில் கையெழுத்துப் போடப்போகிறார்கள்; அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா, முடியாதா என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

டார்கஸ் மேப் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். புளூம்ஸ்பரியில் இருந்த அந்த வீடு அவளுடையது. மாடியில் குடியிருந்த ஹம்ஃப்ரி வெல்ட் துப்பறிவாளர். தான் வாடகைக்கு விட்டது இரண்டு அறைகளைத்தான் என்றாலும், அவருடைய வழக்குகளில் பாதி தனக்கே சொந்தம் என்பது டார்கஸின் உறுதியான எண்ணம். வெல்ட் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

வந்தவள் பெயர் வினிஃப்ரெட் ஹாஸ்கின்ஸ். வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அண்ணன் எட்மண்ட், அண்ணி லெட்டிஸ் ஆகியோருடன் ஹாம்ஸ்டெட்டில் வாசம். மூன்று வருஷமாக ஏழாம் விளக்குச் சபை என்ற மந்திர சாதகர் கூட்டத்தில் உறுப்பினர். இதைச் சொன்னபோது அவளுடைய இடது கை ஆள்காட்டி விரல் உதட்டைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"பல் வலியா, அம்மா?" என்று கேட்டாள் டார்கஸ். லவங்கத் தைலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவள் மனம் அதற்குள் தேடத் தொடங்கியிருந்தது.

வினிஃப்ரெட்டுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. சபை ரகசியத்தை வெளியாள் முன் பேசவோ கேட்கவோ நேர்ந்தால் விரலை உதட்டில் வைக்கவேண்டும்; சேர்ந்த முதல் நாளிலிருந்தே பழக்கிவிடுவார்கள்; இப்போது தன்னை அறியாமலே கை போகிறது என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். சபையின் ஆதாரமே நூரம்பெர்க் நகரத்து ரகசிய குருமார்கள் அறுபது வருஷத்துக்கு முன் எழுதிய கடிதங்கள்தான். அவற்றைப் பிரதியெடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, காகிதத்துக்குள் ஓர் ஆங்கிலேயக் காகித ஆலையின் முத்திரை தெரிந்தது. அந்த ஆலை பிறந்தே பத்து வருஷம்தான். வக்கீல் அலுவலகத்தில் தினமும் அதே காகிதத்தில்தான் அவள் தட்டச்சு செய்கிறாள். போன வெள்ளிக்கிழமை சபைத் தலைவருக்கு இதை எழுதிப் போட்டாள். தலைவர் யார் என்று கீழ்ப்படி உறுப்பினர்களுக்குத் தெரியாது. லத்தீனில் ஒரு புனைபெயரும் ஓர் அஞ்சல் பெட்டியும் மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை அவளுடைய பரண் அறையில் ஒரு சுண்ணாம்பு வட்டம் இருந்தது. நடுவில் தலைகீழ் நட்சத்திரம். அதன்மேல் எட்மண்டின் புகைப்படம், அதன் நெஞ்சில் சமையலறைக் கத்தி. வட்டத்தைச் சுற்றி, குறி பார்க்கப் பயன்படும் பன்னிரண்டு படச்சீட்டுகள். குடும்ப டாக்டர் பர்ஸ்லோ அன்றே சான்றிதழ் எழுதிவிட்டார். இன்னொரு டாக்டரும் அவர் சொல்லைக் கேட்டு எழுதிக் கொடுத்தார்.

"சபையை விட்டுட்டேன், அது பூரா பிதற்றல்னு ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டா, சான்றிதழைக் கிழிச்சிடறேங்கறார் பர்ஸ்லோ. போடமாட்டேன். செய்யாததைச் செஞ்சேன்னும் சொல்லமாட்டேன், நம்பறதை நம்பலைன்னும் சொல்லமாட்டேன்."

"விடுதிக்கதவு சாத்தினா திறக்க வருஷக்கணக்காகும்," என்றார் வெல்ட்.

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். பயந்து வரலை."

பயந்துதான் வந்திருந்தாள். ஆனாலும் தலை குனியவில்லை. டார்கஸுக்கு அந்தக் கணமே அவளைப் பிடித்துப்போயிற்று.

அன்று மாலையே மூவரும் ஹாம்ஸ்டெட் போனார்கள். எட்மண்ட் வெளிறிப்போயிருந்தான். தன் படத்தில் கத்தி குத்தியிருப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் யார் யார் வந்தார்கள் என்று வெல்ட் விசாரித்தார். வினிஃப்ரெட் தனியாக உலாவப் போயிருந்தாள். லெட்டிஸுக்குத் தலைவலி, பர்ஸ்லோ வந்து பார்த்தார். வேறு யாருமில்லை என்றார்கள். லெட்டிஸ் முந்தின வாரம் பூராவும் கோபமாகத்தான் இருந்தாள் என்பதையும், கத்தி அவள் சமையலறைக் கத்தி என்பதையும் டார்கஸ் மனதில் குறித்துக்கொண்டாள்.

பரணில் வெல்ட் மண்டியிட்டுச் சீட்டுகளை மட்டும் பார்த்தார். பிரெஞ்சுச் சீட்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் எண் அச்சிட்டிருந்தது. ஒன்றிலிருந்து ஏழுவரை ஒழுங்காக வந்தன. எட்டாவது இடத்தில் மட்டும் பதினொன்று என்று அச்சிட்ட சீட்டு. ஒரு பெண் சிங்கத்தின் வாயைப் பிடித்திருந்தாள். பதினோராவது இடத்தில் எட்டு என்று அச்சிட்ட, தராசு ஏந்திய பெண்.

"எண்ணக்கூட வராத நிலைமைக்கு வந்துட்டா, பாவம்," என்றாள் லெட்டிஸ்.

வெல்ட் சபைப் பாடங்கள் எழுதியிருந்த வினிஃப்ரெட்டின் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, மூன்று வருஷப் பக்கங்களையும் புரட்டினார். அதில் சீட்டுகள் எல்லா இடத்திலும் அச்சிட்ட எண்படிதான் இருந்தன. வீட்டுக்குத் திரும்பும் வழியில், வேலை அண்ணியுடையதுதான் என்று டார்கஸ் பந்தயம் கட்டினாள். வெல்ட் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: நாளைக்கு நான் சீட்டைப் பற்றிப் பேசும்போது, நீங்கள் சீட்டைப் பார்க்காமல் எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

வியாழக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் பரணில் கூடினார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட வந்திருந்த நீதிபதி தொப்பியை மடியில் வைத்திருந்தார். டாக்டர் பர்ஸ்லோ, வெள்ளைத் தாடியும் இதமான குரலும் உள்ளவர், கடைசி முறையாகக் காகிதத்தை நீட்டினார். வினிஃப்ரெட் அதைத் தொடவில்லை.

"டாக்டர், இந்தக் குறிகளை வாழ்நாள்ல பார்த்ததே இல்லைன்னு சான்றிதழ்ல எழுதியிருக்கீங்க," என்றார் வெல்ட்.

"கடவுள் புண்ணியத்துல பார்த்ததில்லை."

வெல்ட் தலையசைத்துவிட்டு வினிஃப்ரெட்டிடம் திரும்பினார். சிங்கம் ஏன் எட்டாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். தெரியாது, அது தப்பு என்றாள் அவள்.

"தப்பில்லைன்னு வச்சுக்குங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் வட்டத்தின் அருகே போய் நின்றாள். "ஏழு, ரதம். அதுக்குக் கடக ராசின்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஒன்பது, விளக்குக் கிழவர். அவர் கன்னி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது..." அவள் குரல் மாறியது. "நடுவுல இருக்கறது சிம்மம். அப்போ சிங்கம் எட்டுலதான் வரணும். கன்னிக்கு அப்புறம் துலாம், தராசு பின்னால போயிடும். பத்துல இருக்கற சக்கரத்துக்கு ராசியே கிடையாது, அதனால தராசு பதினொண்ணுல. அச்சுதான் தப்பு. இந்த வட்டம் சரி. மேல்படிக்காரங்க எங்ககிட்ட மறைச்சு வச்சது இதைத்தான்."

விடுதி, அண்ணன், நீதிபதி எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. முகம் விளக்கு ஏற்றியது போல் இருந்தது. டார்கஸுக்கும் அதையே பார்க்க ஆசைதான். ஆனால் சொன்னபடி கைகளைப் பார்த்தாள். எட்மண்டின் கை கைக்குட்டையைப் பிசைந்தது. லெட்டிஸின் கை மடியில் கிடந்தது.

"டாக்டருக்கும் பல் வலியா?" என்றாள் டார்கஸ்.

எல்லோரும் திரும்பினார்கள். பர்ஸ்லோவின் இடது கை ஆள்காட்டி விரல் வெள்ளைத் தாடிக்கு மேலே உதட்டின்மீது இருந்தது. அவர் அதை இறக்கினார். அதற்குள் நீதிபதியும் பார்த்துவிட்டார்.

அது என்ன அடையாளம் என்பதை வெல்ட் நீதிபதிக்கு விளக்கினார்.

"ஒண்ணுமே தெரியாத ஆள் செஞ்சிருந்தா, அச்சிட்ட எண்படி அடுக்கியிருப்பான். மிஸ் ஹாஸ்கின்ஸ் செஞ்சிருந்தாலும் அப்படித்தான். அவங்க நோட்டுப் புத்தகமே சாட்சி. அச்சை மீறிச் சரியா அடுக்கறதுக்கு, ரகசியம் தெரிஞ்ச மேல்படி ஆளாலதான் முடியும். பொய் வட்டம்தான் போட வந்தார், ஆனா சீட்டைத் தப்பா வைக்க இத்தனை வருஷப் பழக்கம் விடலை. ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுக்குள்ள வந்த ஒரே வெளியாள் அவர். வெள்ளிக்கிழமை போட்ட கடிதம் சனிக்கிழமை யார் கைக்குப் போச்சுன்னு இனி நான் சொல்லணுமா? காகிதத்தோட முத்திரையைப் பார்த்தவ பைத்தியம்னு ஆயிட்டா, அவ சொல்றதை யார் நம்புவாங்க?"

நீதிபதி உத்தரவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பர்ஸ்லோவைத் தன்னோடு கீழே வரச் சொன்னார். பொய்ச் சான்றிதழ் எழுதுகிறவரைச் சட்டம் சும்மா விடாது.

கதவருகில் பர்ஸ்லோ நின்றார். குரலில் இதம் போயிருந்தது. "சகோதரி, நீ சத்தியம் பண்ணியிருக்கே. சபைக்குள்ள நடந்தது சபைக்குள்ளயே இருக்கணும்."

வினிஃப்ரெட்டின் இடது கை உயர்ந்தது. உதடுவரை வந்ததை அவள் வலது கையால் பிடித்து இறக்கினாள்.

"சிங்கத்துக்குத்தான் சத்தியம் பண்ணினேன். உங்க கள்ளக் கடிதத்துக்கு இல்லை."

எட்மண்ட் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டான்; இனியாவது இந்தக் கண்றாவியை எல்லாம் கட்டிவை என்றும் சேர்த்துக்கொண்டான். அவள் அவனுடைய படத்திலிருந்து கத்தியை உருவி அண்ணியிடம் கொடுத்தாள். தலைகீழ் நட்சத்திரத்தை ஈரத்துணியால் துடைத்து, அதே இடத்தில் நிமிர்ந்த நட்சத்திரம் வரைந்தாள். சீட்டுகளை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள்.

வெள்ளிக்கிழமை சபையின் ஐம்பத்து நான்கு உறுப்பினர்களுக்கும் கடிதம் போயிற்று. டார்கஸ்தான் தபால்தலை ஒட்டினாள். காகித முத்திரை, வட்டம், சிங்கத்தின் இடம் எல்லாம் அதில் இருந்தன. அடியில் லத்தீன் புனைபெயர் இல்லை. வினிஃப்ரெட் ஹாஸ்கின்ஸ் என்று முழுப்பெயரும் வீட்டு முகவரியும் இருந்தன.