குடைக்காரரின் நாடி

பிற்பகல் மூன்று மணிக்கு மூவர் அந்த வீட்டின் முன் வந்து நின்றார்கள். ஒருத்தி வீட்டுக்குச் சொந்தக்காரியான செவிலி. அண்மையில்தான் ஓய்வு பெற்றவள். இன்னொருவர், காலி செய்விக்கும் ஆணையைக் கையில் வைத்திருந்த நீதிமன்ற ஊழியர், அமீனா. மூன்றாமவர் கருவிப் பையுடன் வந்த பூட்டுக்காரர்.

முப்பத்தோர் ஆண்டு உழைப்பில் எழுந்த வீடு அது. கட்டியவள் அதில் ஒருநாளும் குடியிருந்ததில்லை. மருத்துவமனை கொடுத்திருந்த குடியிருப்பை அன்று காலையில்தான் ஒப்படைத்திருந்தாள். அவளுடைய கட்டிலும் இரண்டு பெட்டிகளும் தெருமுனையில் ஒரு வண்டியில் காத்திருந்தன. இன்று இந்தக் கதவு திறக்காவிட்டால் அவளுக்குத் தலைசாய்க்க இடமில்லை.

"நர்சம்மா, எங்க போனாலும் என்னைப் பார்த்துச் சந்தோஷப்படுறது வீட்டுச் சொந்தக்காரங்க மட்டுந்தான்," என்றார் அமீனா, படியேறிக்கொண்டே. "என் வீட்டுக்காரிகூட அப்படிச் சிரிச்சதில்ல."

பூட்டுக்காரர் சிரித்தார். அமீனாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஒரு ஆமை சிங்கராஜாகிட்டப் போயி, என் ஓட்டுக்குள்ள ஒரு நத்தை குடியிருக்கு, காலி பண்ணிக் குடுங்கன்னுச்சாம். சிங்கம் ஓட்டைத் தட்டி, உள்ள யாருன்னு கேட்டுச்சு. ஆமையே பயந்துபோய், நான் இல்லைங்கன்னு பதில் சொல்லிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, வாய்தாதான்."

செவிலி சிரிக்கவில்லை. கீழே வெறும் தூண்களே இருந்த அந்த வீட்டின் மாடியில் குடியிருந்த குடை பழுதுபார்ப்பவர் இரண்டு ஆண்டுகளாக வாடகை தராதது உண்மை. வழக்குத் தொடுத்ததும் முறைப்படிதான். ஆனால் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, தெருவில் மயங்கிக் கிடந்தவர் என்று சொல்லி ஒருவரை அவள் பணிபுரிந்த வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் தெரியாதவர் என்று பதிவேட்டில் எழுதினார்கள். அவர் அந்தக் குடைக்காரர்தான் என்று அவளுக்குத் தெரியும். விடியுமுன் அவருடைய கண்களை மூடிவிட்டவளும் அவள்தான்.

இறந்தவர்மீது வழக்கு நடத்த முடியாது. வாரிசுகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். வேறொரு வழக்கைப் பற்றி வழக்கறிஞர் பேச்சுவாக்கில் சொன்னதை அவள் கேட்டிருந்தாள். ஆகவே வாய் திறக்கவில்லை. 'அவர் இன்றும் அந்த வீட்டில் வசித்துவருகிறார்' என்று நீதிமன்ற உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டாள். பெயரில்லாமலே அவரைப் புதைத்தார்கள்.

அமீனா கதவை மூன்று முறை தட்டினார். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தட்டாமல் உள்ளே போகமாட்டார்; அது அவருடைய வழக்கம். பதில் இல்லை. பூட்டுக்காரர் பூட்டைத் திறந்தார்.

அடைந்துகிடந்த இருட்டு முகத்தில் மோதியது. ஈரத்துணி மக்கிய வாடையும் துருவின் வாடையும் சேர்ந்து வந்தன. உத்தரத்திலிருந்து பழுதான கறுப்புக் குடைகள் வரிசையாகத் தொங்கின. காற்றே இல்லாத அறையில் ஒரு குடை மட்டும், யாரோ அப்போதுதான் உரசிக்கொண்டு போனதுபோல, மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

பூட்டுக்காரர் புதிய பூட்டைப் பொருத்த வாசலிலேயே உட்கார்ந்தார். அமீனா பட்டியலெடுக்க உள்ளறைக்குள் போனார்.

அவருடைய குரல் கேட்டது.

"ஐயா, எழுந்திரிக்க வேணாம். படுத்துக்கங்க."

செவிலி உள்ளறை வாசலை நோக்கித் திரும்பினாள்.

அமீனா வெளியே எட்டிப் பார்த்தார். "ஆளு உள்ளேதான்மா இருக்காரு. நீங்க எழுதிக் குடுத்தது சரிதான். ஆனா உடம்பு சரியில்லைங்கறாரு. நோயாளியைத் தூக்கி வெளியே போட எனக்கு அதிகாரம் இல்ல. ஆணையைத் திருப்பி அனுப்பணும். மறுபடி தேதி வாங்க ஆறு மாசம் ஆகும்."

"இன்னைக்கே வேணும்," என்றாள்.

"அப்ப நீங்களே நாடி பாருங்க. நர்சுதானே? நல்லா இருக்குன்னு சொன்னா நான் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போயிடறேன்."

அவள் உள்ளே போனாள்.

கட்டிலில் ஒருவரும் இல்லை.

மெத்தையின்மேல் தூசி கலையாமல் படிந்திருந்தது. அமீனாவின் கண்களோ தலையணைமேல் கனிவுடன் பதிந்திருந்தன. 'யாரும் இல்லையே' என்று சொல்லலாம். ஆனால் அமீனா யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். 'அவர் செத்துவிட்டார்' என்று சொல்லலாம். அந்தக் கணமே ஆணை வெறும் காகிதமாகிவிடும், அவள் பொய்ச் சத்தியம் செய்தவளாகிவிடுவாள். இரண்டு பக்கமும் சுவர்.

கட்டிலோரம் அமர்ந்தாள். ஒரு மணிக்கட்டு இருக்கக்கூடிய உயரத்தில், வெறுங்காற்றில் மூன்று விரல்களை வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

"எழுபத்திரண்டு. நல்லா இருக்காரு."

சொல்லி வாய் மூடுமுன், விரல்களுக்கடியில் ஏதோ துடித்தது.

ஒருமுறை.

பிறகு, நிதானமாக, இன்னொருமுறை.

"வாங்கய்யா, மெதுவா," என்றார் அமீனா. முழங்கையை மடித்து எதற்கோ தாங்கல் கொடுத்தார். அந்தப் பக்கமாகச் சாய்ந்து நடந்தார். ஒவ்வொரு படியிலும் இன்னொரு கால் இறங்கட்டும் என்று நின்று நின்று இறங்கும் ஓசை கேட்டது. கட்டிலுக்கு மேலிருந்த சன்னலின் இடுக்கு வழியே செவிலி பார்த்தாள். வெயிலில் அமீனா மட்டும்தான் போய்க்கொண்டிருந்தார். தெருவில் நின்று, யாரையோ பார்த்துக் கும்பிட்டார்.

வாசலிலிருந்து பூட்டுக்காரரின் குரல் வந்தது. "நர்சம்மா, வேலை முடிஞ்சது. சாவி கதவுலயே இருக்கு." சற்றுத் தயங்கி, "ஆமா, அவரு யாரைக் கூட்டிட்டுப் போறாரு?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் படிகளில் வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

வீடு அவளுடையதாகிவிட்டது.

எழுந்திருக்க முயன்றாள். நீட்டிய கை வரவில்லை. ஏதோ குளிர்ந்தது அவளுடைய மணிக்கட்டைச் சுற்றி வளைத்தது. அழுத்தமாக அல்ல, பழகிய கையைப்போல, சரியான இடத்தைத் தேடித் தடவி, நரம்பின்மேல் மூன்று விரல்களாக வந்து அமர்ந்தது. தெருமுனையில் வண்டிக்காரர் பொறுமையிழந்து ஒலியெழுப்பினார். கூப்பிட நினைத்தாள், நாக்கு புரளவில்லை.

காதருகே மூச்சே இல்லாத ஒரு குரல் அவளுடைய துடிப்பை மெதுவாக எண்ணிக்கொண்டு வந்தது.

"அறுபத்தொம்பது... எழுபது... எழுபத்தொண்ணு..."

அத்துடன் குரல் நின்றது.

விரல்கள் விடவில்லை.