மூன்றாம் மாடி நோயாளி

ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை அவள் மூன்றாவது முறையாகத் தாழ்த்தினாள். காலையில் வேலைக்கு ஏறியதும் அதைத் தட்டையாக்கி, புது விரிப்புப் போட்டு, ஓரங்களை இறுக்கிச் செருகியிருந்தாள். பத்து மணிக்குப் பார்த்தால் நாற்காலி முதுகு மாதிரி நிமிர்ந்து நின்றது. யாரோ விளையாடுகிறார்கள் என்று மறுபடி தாழ்த்தினாள். இப்போது மதியம் இரண்டே கால். பின்கதவு பூட்டித்தான் இருந்தது, சாவி அவள் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் நிமிர்ந்திருந்தது. விரிப்பில், ஒரு முதுகு சாய்கிற அகலத்துக்கு, ஈரம்.

"சார், ஸ்ட்ரெச்சர் லாக் பிடிக்க மாட்டேங்குது."

முன் சீட்டில் கால் நீட்டி செல்போன் பார்த்துக்கொண்டிருந்த சீனியர் திரும்பக்கூட இல்லை. "ஸ்டெத்து, சும்மா நோண்டிக்கிட்டே இருக்காதே. போய் ஆக்சிஜன் சிலிண்டரை எண்ணு."

எந்நேரமும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு திரிகிறாள் என்று அவர் வைத்த பெயர் அது. நிலையத்தில் இப்போது பெருக்குகிறவர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் படிப்பின் கடைசிக் கட்டம், இருநூற்று நாற்பது மணி நேரம் வண்டியில் பயிற்சி. மாணவி நோயாளியைப் பார்க்கும்போது சீனியர் பக்கத்தில் நிற்க வேண்டும், தவறைத் திருத்த வேண்டும், பிறகு அவள் பயிற்சி ஏட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதுதான் விதி. இவர் பக்கத்தில் நிற்பதெல்லாம் முன் சீட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டுதான். இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் பாக்கி. அவர் ஒரே ஒரு வரி மோசமாக எழுதினால் முழு வருஷமும் முதலிலிருந்து. அதனால் அவள் பல்லைக் கடித்தாள். கடித்துக் கடித்து இப்போதெல்லாம் காலையில் எழும்போதே தாடை வலிக்கிறது.

வண்டியின் வயர்லெஸ் கருவி கரகரத்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு குரல் முகவரி சொன்னது: பெண், ஐம்பது வயது, மூச்சுத் திணறல், மூன்றாம் மாடி.

அவளுக்கு அந்த முகவரி தெரியும்.

ஒன்பது நாளைக்கு முன்னால் போன வீடு. அந்த அம்மா தனியாக இருந்தார். சோபா நுனியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு, "படுத்தா மூச்சு முட்டுதும்மா, ராத்திரியெல்லாம் இப்படியே உக்காந்திருக்கேன்" என்றார். அவள் முதுகில் ஸ்டெத்தை வைத்தாள். இரண்டு பக்கமும் அடியில், தீரப்போகிற ஜூஸை உறிஞ்சுகிற மாதிரி, கொப்பளிக்கிற சத்தம். "சார், நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. உடனே கூட்டிட்டுப் போகணும்."

அன்றைக்கு அதிசயமாக மாடியேறி வந்திருந்த சீனியர் சிரித்தார். "நீ இன்னும் பரீட்சையே எழுதலை, அதுக்குள்ள டாக்டரா?" பிறகு அந்த அம்மாவிடம், "வாயுத் தொல்லைம்மா. சுடுதண்ணி குடிச்சுட்டுத் தூங்குங்க." படிவத்தில் அவரே எழுதினார்: நுரையீரல் தெளிவு, நோயாளி வர மறுத்துவிட்டார். எழுதிவிட்டு அவள் பக்கம் தள்ளினார். "போடு."

அவர் கக்கத்தில் அவளுடைய பயிற்சி ஏடு இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

இன்று வண்டி சைரனோடு கிளம்பியபோது அவளுக்குள் கோபத்தோடு ஒரு வெறியும் சேர்ந்திருந்தது. இந்தத் தடவை யார் என்ன சொன்னாலும் சரி, அந்த அம்மாவைத் தோளில் தூக்கியாவது கொண்டுபோவது.

கட்டடத்து வாசலில் சீனியர் இறங்கவில்லை. "லிஃப்ட் இல்லை. போன தடவையே முட்டி போச்சு. நீ போய்ப் பாத்துட்டு வா. நான் உன்னை மேற்பார்வை பண்ணினதா எழுதிக்கிறேன், போதுமா?" டிரைவர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவினார்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். உச்சி வெயிலிலிருந்து உள்ளே வந்ததால் படிக்கட்டு ஈரக் குகை மாதிரி இருந்தது. சுவரில் பழைய பெயின்ட் உரிந்து தொங்கியது, எங்கோ குழாய் சொட்டியது, பினாயில் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, இரும்பும் உப்பும் கலந்த மாதிரி. மூன்றாம் மாடிக் கதவில் பெரிய பூட்டு. அவள் தட்டினாள். உள்ளே சத்தமில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

"யாரைப் பாக்கணும்?"

"இந்த வீட்டு அம்மாவை. இப்பதான் போன் பண்ணாங்க, மூச்சுத் திணறுதுன்னு."

"அவங்களா?" அந்தப் பெண் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டாள். "அவங்க போயி எட்டு நாளாச்சு. சோபாவுல உக்காந்தபடியே போயிட்டாங்க. தங்கச்சி வந்து எல்லாத்தையும் முடிச்சுட்டு, வீட்டைப் பூட்டிட்டுப் போச்சு." அந்தப் பெண்ணின் பார்வை இவள் சீருடையில் இறங்கியது. அங்கேயே நின்றது. "அதுக்கு முந்தின நாள் ஆம்புலன்ஸ் வந்துச்சு. வாயுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். நீங்கதானா அது?"

அவள் கழுத்திலிருந்த ஸ்டெத்தைக் கையால் மூடினாள்.

"நல்லா இருப்பீங்க," என்றாள் அந்தப் பெண். கதவு அறைந்து மூடியது.

அவள் இறங்கினாள். காது மடல் கொதித்தது. இன்றைக்கு அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடுவது. வருஷம் போனால் போகட்டும். ஏடு கிழிந்தால் கிழியட்டும்.

இரண்டாம் மாடி திரும்பும்போது பின்னால் காலடி கேட்டது.

வெறுங்கால். மூன்று படி இறங்கியது. நின்றது. மூச்சு வாங்கியது. இன்னும் மூன்று படி.

அவள் நின்றாள். அதுவும் நின்றது. மேலே, ஒரு வளைவுக்கு அப்பால், யாரோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காற்றை இழுத்தார்கள். இழுக்க இழுக்க அடியில் தண்ணீர் கொப்பளித்தது. ஸ்டெத் வைக்காமலே கேட்டது. படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடவும் முடியவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினாள். அதுவும் இறங்கியது. பொறுமையாக. நோயாளிகள் இறங்குகிற மாதிரி.

வாசல். வெயில். வண்டியின் பின்கதவு விரியத் திறந்திருந்தது. அவள் பூட்டியிருந்தாள்.

அவளை ஒட்டி ஒரு குளிர் கடந்து போனது. இரும்பும் உப்பும். வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்து, ஆடி, நின்றது. ஒரு ஆள் ஏறினால் எவ்வளவு தாழுமோ அவ்வளவு.

"என்ன ஸ்டெத்து, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" சீனியர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"அந்த அம்மா செத்துட்டாங்க சார். நாம போன மறுநாளே."

அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. பிறகு மறைந்தது. "சரி. யார்கிட்டயும் உளறாதே."

"தண்ணி கோத்திருக்குன்னு நான் சொன்னேன். நீங்கதான் வாயுன்னு எழுதினீங்க."

"நானா எழுதினேன்? படிவத்துல யார் கையெழுத்து?" அவர் கதவைத் திறந்து இறங்கினார். குரல் உயர்ந்தது. "மூணு மாசம் உன்னைக் கூட வெச்சு சோறு போட்ட மாதிரி வளர்த்தேன், என்னையே மாட்டி விடுறியா? நகல் பின்னாடி பெட்டியில இருக்கு. எடுத்துக் காட்டவா? கையெழுத்து உன்னோடது. நோயாளியைத் தொட்டது நீ. கொன்னது நீன்னு நான் சொன்னா என்ன பண்ணுவே?"

வண்டிக்குள்ளிருந்து அந்த மூச்சு வந்தது. கொப்பளித்து. காத்திருந்து. அவளுக்கு மட்டும்தான் கேட்டதா? அவர் காதில் விழவில்லை. அவர் எதையும் எப்போதும் கேட்டதில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். போகாதீங்க சார். அவ்வளவுதான்.

தாடை வலித்தது.

"எடுத்துக் காட்டுங்க," என்றாள்.

அவர் பின்பக்கமாகப் போய் ஏறினார். வண்டி இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. பெட்டி திறக்கிற சத்தம். தாள் புரளுகிற சத்தம். பிறகு, "யாரு..." என்று பாதி.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் எண்ணவில்லை, எவ்வளவு நேரம் நின்றாள் என்று. எதிர்ச் சாரியில் ஒருவன் சைக்கிளில் மணியடித்துப் போனான். வெயில் அப்படியே இருந்தது. அவள் நடந்து போய்க் கதவுப் பக்கம் நின்றாள்.

சீனியர் பக்கவாட்டு சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலையும் பிடித்திருந்தார். உதடு நீலம். வாயோரத்தில் இளஞ்சிவப்பாக நுரை வழிந்தது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது, காற்றுப் போகவில்லை. கண் மட்டும் அவளைப் பார்த்துக் கெஞ்சியது.

அவருக்குப் பின்னால் அந்த அம்மா இருந்தார். ஈரச் சேலை. நனைந்த முடி. தன் காதை அவர் முதுகில், சட்டைக்கு மேல், அழுத்தி வைத்திருந்தார். வலப்பக்கம் அடியில் கொஞ்ச நேரம். பிறகு இடப்பக்கம். நிதானமாக. ஒரு இடம் விடாமல்.

"அம்மா," என்றாள் அவள்.

அந்த அம்மா காதை எடுக்கவில்லை. திறந்த கண்ணோடு அவளைப் பார்த்து, ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தார்.