நாலு நிமிஷ வேகம்

காலை ஆறே கால். கணவரின் ஷூ கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு அவள் நிமிர்வதற்குள் வாசலில் அண்ணியின் குரல் கேட்டது.

"நில்லு! இன்னையிலேர்ந்து என் தம்பி உன்கூட நடக்கப் போறதில்ல."

கணவரின் அக்கா. முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். 'சைலன்ஸ் டீச்சர்' என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். இரண்டு தெரு தள்ளித் தனியாகக் குடியிருந்தார். அவருக்குப் பின்னால் அவளுடைய மகன் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். அத்தையைக் கூப்பிட்டது அவன்தான் என்று பெற்றவளுக்குப் புரியாதா?

"ஏன் அண்ணி? என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? நேத்து பூங்காவுல உங்க பின்னால பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். மாரடைப்பு வந்து பிழைச்ச மனுஷன்... அவனை ஓட்டமும் நடையுமா விரட்டிக்கிட்டு, 'உங்கக்கா நமக்கு என்ன செஞ்சா, சொல்லுங்க'ன்னு கத்துறே! அவன் மூச்சு வாங்குறான்... நீ விடாம 'சொல்லுங்க, சொல்லுங்க'ங்கிறே! என்மேல உனக்கு ஆத்திரம்னா என்கிட்ட காட்டு. அவன் உசிரை ஏன் வாங்குறே?"

"அம்மா, கொஞ்ச நாளாவது வாயை அடக்கக் கூடாதா?" என்றான் மகன்.

அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் அதைக் கேட்கக் கூடாத ஆள் எதிரிலேயே ஷூவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே!

நான்கு மாதங்களுக்கு முன், லிஃப்ட் மெக்கானிக்கான அவர் ஒன்பதாவது மாடிக்கு மேலே இருந்த மோட்டார் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பிழைத்து வந்ததும் இதய நோயாளிகளுக்கான பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு விதமான நடை. ஒரு கூட்டம் நாற்பது நிமிடம் ஒரே சீராக நடக்கும். இன்னொரு கூட்டம் நான்கு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெது, மறுபடி வேகம் என்று மாறி மாறி நடக்கும். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு இவரை இரண்டாவதில் சேர்த்தார். ஆறு வாரம் மையத்தில் நடந்த பிறகு, வெளியிலும் நடக்கலாம் என்றார்கள். கூட ஒருவர் இருக்க வேண்டும்.

"அவர் சாப்பிடுற மாத்திரை நாடித்துடிப்பை அடக்கி வைக்கும். அதனால நாடியை மட்டும் நம்பாதீங்க. பேச்சைக் கவனிங்க" என்றாள் அங்கே பயிற்சி தரும் பிசியோ பெண். "மெதுவா நடக்கும்போது முழு வாக்கியம் வரணும். வேகத்துல மூணு நாலு வார்த்தைதான் வரணும். அதுவும் வரலைன்னா உடனே நிறுத்திடுங்க. நெஞ்சு இறுக்கமா இருக்கான்னு தினமும் கேளுங்க. எல்லாத்தையும் ஒரு நோட்டுல குறிச்சு எனக்குக் காட்டுங்க."

நல்ல யோசனைதான். ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருபத்தெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கும் மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெயில் அதிகமா என்றால் "ம்". கால் வலிக்கிறதா என்றால் "ம்ஹூம்". 'ம்'முக்கு மூச்சு எவ்வளவு செலவாகும் என்று எந்த டாக்டரால் சொல்ல முடியும்! ஒருநாள் எரிச்சலில், "எல்லாம் உங்கக்கா பழக்கிவிட்டது" என்றாள். அவ்வளவுதான். "அக்காவை ஒண்ணும் சொல்லாத, அவ பட்ட கஷ்டம் உனக்குத் தெரியாது" என்று மழை மாதிரிக் கொட்டினார்.

சாவி கிடைத்துவிட்டது. அதன்பின் நடக்கும் நாளெல்லாம் அண்ணியை இழுத்தாள். இது சோதனை என்று தெரிந்தால் மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி பதில் சொல்லிவிடுவார். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் போடுகிற ஆட்களைப் பற்றி அவரே எத்தனை தடவை சிரித்திருக்கிறார்! அதனால் அவள் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் அவள் துணி வெட்டும் வேலையில் இருந்தாள். அடுத்த மாதம் மேற்பார்வையாளர் ஆகியிருக்க வேண்டியவள். இந்த நடைக்காக வேலையையே விட்டுவிட்டாள். இடது முட்டி வீங்கியதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?

"கொஞ்ச நாள் அக்கா வீட்டுல இருந்துட்டு வரேன். அங்க அமைதியா இருக்கும்."

ஒன்பது வார்த்தை. மூச்சே வாங்கவில்லை. பழக்க தோஷத்தில் எண்ணியவளுக்கு அப்புறம்தான் அழுகை வந்தது.

மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துப் பையில் வைத்தாள். படியிறங்கும்போது, "நடக்கறப்ப அவரைப் பேச வையுங்க அண்ணி, மறந்துடாதீங்க" என்றாள்.

"நீ பேசினதே போதும்" என்று அண்ணி பையை வாங்கிக்கொண்டார்.

மறு வாரம் அவள் தையல் கூடத்துக்குத் திரும்பினாள். மேற்பார்வையாளர் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இவளுக்குப் பொத்தான் தைக்கும் மேசைதான் கிடைத்தது. குறையொன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள். வீட்டில் ஒருவர் குறைந்ததில் சமையல் அளவு தெரியாமல் தினமும் மிஞ்சியது.

இருபதாவது நாள் பிசியோ பெண்ணிடமிருந்து போன் வந்தது. "உங்க நோட்டை எடுத்துக்கிட்டு உடனே வாங்க. பயப்படாதீங்க, அவர் நல்லாத்தான் இருக்கார்."

பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா? நூல் ஒட்டிய சேலையோடு ஓடினாள்.

மையத்தின் வராந்தாவில் அண்ணி நேராக உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. மூன்று மாதச் சோதனைக்காகக் கணவரை நடைக்கருவியில் ஏற்றியிருக்கிறார்கள். ஆறாவது நிமிடத்தில் பிசியோ பெண் அதை நிறுத்திவிட்டாள். விசாரித்தால், மூன்று நாளாகவே மொட்டை மாடியில் நடக்கும்போது நெஞ்சு இறுக்கமாக இருந்ததாம். டாக்டர் பார்த்து மாத்திரையை மாற்றிவிட்டார். ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி நடக்கலாம், ஆபத்தில்லை என்று சொல்லியிருந்தார்.

"மூணு நாளா ஏன் சார் சொல்லல?" என்று கேட்டாள் பிசியோ பெண்.

"யாரும் கேக்கல" என்றார் அவர்.

அண்ணி எழுந்துவிட்டார். "நான் அவனை விரட்டலம்மா! நாப்பது நிமிஷம், ஒரே சீரா, நிதானமாத்தானே நடக்க வச்சேன்..."

"அது தப்பே இல்லம்மா. இங்க பாதிப் பேர் அப்படித்தான் நடக்கிறாங்க, நல்லாவும் இருக்காங்க. நடக்கும்போது உங்க தம்பி ஏதாவது பேசினாரா?"

"பேசக் கூடாதுன்னு நான்தான்... சைலன்ஸா நடடான்னு..." அண்ணியின் குரல் தேய்ந்தது.

பிசியோ பெண் அவளிடமிருந்து நோட்டை வாங்கிப் புரட்டினாள். "வாராவாரம் இதைப் பார்த்துத்தான் அவர் வேகத்தைக் கூட்டினேன். இவங்க கேட்ட கேள்வி, அவர் வேகத்துல சொன்னது, மெதுவுல சொன்னது, எல்லாம் இதுல இருக்கு."

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். தான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட அதே நாள்.

கேள்வி: உங்கக்கா நமக்கு என்ன செஞ்சா?

வேகம்: எல்லாம்... அவதான்... செஞ்சா.

மெது: என்னைப் படிக்க வைக்கத்தான் அக்கா கல்யாணமே பண்ணிக்கல. அதை ஒரு நாளும் நான் அவகிட்ட சொன்னதில்ல.

அதற்குக் கீழே அவளுடைய குண்டு எழுத்து: மூச்சு சரி. நெஞ்சு இறுக்கம் இல்லை. இது எனக்கும் இதுவரை தெரியாது. அண்ணியைத் திட்டினால்தான் பேசுகிறார், என்ன செய்ய!

அண்ணி வாய்விட்டு அழுதார். முப்பத்தாறு வருஷம் வகுப்பை அடக்கியவருக்குத் தன் அழுகையை அடக்க முடியவில்லை.

"இருபது நாள் என் வீட்டுல வச்சிருந்தேனே... இந்த ஒரு பேச்சைப் பேச விடலயே! உன்னைப் போய் என்னவெல்லாம் சொன்னேன்... ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவர் எதிர்ல எப்படி அண்ணி சொல்றது..."

அவளும் அழுதாள். அண்ணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். சேலையில் ஒட்டியிருந்த நூல்கள் அண்ணியின் தோளுக்கும் மாறின. சற்றுத் தள்ளிக் கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே அவர் வீடு திரும்பினார். மகன் அப்பாவின் பையை வைத்துவிட்டு, "நானும் கேக்காம பேசிட்டேம்மா..." என்று அவள் கையைப் பிடித்தான். "போய் முகத்தைக் கழுவு" என்றாள். அதற்குமேல் அவனிடம் கோபப்பட அவளுக்குத் தெரியாது.

ஓய்வு முடிந்து டாக்டர் சரியென்ற மறுநாள் காலை, அண்ணி வந்து தம்பியின் ஷூ கயிற்றைத் தானே கட்டினார். "நீ முட்டியை மடக்காதே" என்றார் அவளிடம். "இன்னைக்கு என்னை எதைச் சொல்லித் திட்டப் போறே?"

"இன்னைக்கு உங்களை இல்ல அண்ணி."

பூங்காவில் அண்ணி கடிகாரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டாவது சுற்றின் வேகம் தொடங்கியதும் அவள் கணவருக்குப் பக்கத்தில் நொண்டியபடியே நடந்து கேட்டாள்.

"அன்னைக்கு வாசல்ல... எனக்காக ஒரு வார்த்தை ஏன் பேசல?"

அவர் திரும்பிப் பார்த்தார். நெற்றியில் வேர்வை. பதிலுக்கு 'ம்' வரவில்லை.

"தப்பு..." மூச்சு வாங்கினார். "என்... தப்புதான்."

மூன்று வார்த்தை. அதைக் கேட்க இருபத்தெட்டு வருஷமாயிற்று. அவளுக்குக் கண்ணை மறைத்தது. அவர் நடையைத் தளர்த்தி அவள் கையைப் பிடிக்க வந்தார்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு!" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"நடங்க" என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மீதியை மெதுவுல சொல்லணும். முழு வாக்கியமா."