ஹஸீபின் பெயரில் வந்தவன்

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஹஸீப் மாத்தளையில் தன் கடைக்குள் நின்று மிளகு நிறுத்துக்கொண்டிருந்தான். இரத்தோட்டையில், அவன் வீட்டில் இருந்த கணினியோ, அதே நேரத்தில் ஹஸீப் தன்னைத் திறந்து பார்த்ததாகப் பதிந்து வைத்திருந்தது.

கணினி அவனுடைய மனைவி ஆதிபாவுடையது. வீட்டிலிருந்தே கலியாணக் கார்ட்டுகள் வடிவமைத்துக் கொடுப்பாள். லினக்ஸ் போட்ட அந்தக் கணினியில் இருவருக்கும் தனித்தனிக் கணக்குகள் இருந்தன. அவளுடைய கோப்புகளுக்குள் அவன் நுழையப் போனால் நிர்வாகிக் கடவுச்சொல் கேட்கும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். திரையைப் பார்த்து அவள் தனியே சிரிப்பதை ஹஸீபால் பொறுக்க முடியவில்லை. கலியாணமாகி ஆறு வருடத்தில் அவனைப் பார்த்து ஒரு நாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

போன வாரம் பிரிண்டரைச் சரிசெய்வதாகச் சொல்லிக் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டான்.

“ஒவ்வொரு தரமும் கரைச்சல்தானே. அது பாஸ்வேர்ட் கேக்குறதையே நிப்பாட்டிடுறேன்” என்றான்.

“வேணாங்க. கேக்கட்டும்” என்றாள் ஆதிபா.

அந்த ‘வேணாங்க’ அவனைக் குத்தியது. அவள் தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் பார்த்து, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் அனுமதிக் கோப்பைத் திறந்து, அடியில் ஒரு வரி சேர்த்தான். ஹஸீப் என்ற பெயரில் வருபவரிடம் இனி எதற்கும் கடவுச்சொல் கேட்க வேண்டியதில்லை.

பிறகு ஒவ்வொரு மாலையும் அவளுடைய கோப்புகளைத் துழாவினான். யார் யாரோ மணமக்களின் பெயர்கள், பூவேலைகள், தங்க எழுத்துகள். ஒளித்து வைத்த ஓர் ஆணின் பெயரும் அகப்படவில்லை. அகப்படாததே அவனை இன்னும் எரித்தது. இப்போது இந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவு. எவனோ ஒருவன் பட்டப்பகலில் வீட்டுக்குள் வந்து, தன் கதிரையில் உட்கார்ந்து, தன் பெயருக்குள்ளேயே நுழைந்திருக்கிறான்.

குசினி வாசலில் போய் நின்றான்.

“செவ்வாக்கெழம பகல் யாரு வந்தது?”

“நீங்கதானே வந்தீங்க” என்றாள் ஆதிபா. “சோறு தின்னீங்க. மாசிச் சம்பல் இன்னும் கொஞ்சம் கேட்டீங்க. கம்ப்யூட்டர்ல என்னமோ பாத்தீங்க.” குனிந்து சட்டியைக் கிளறினாள். “இன்னிக்கும்தான் வந்தீங்களே.”

பொய் சொல்பவளின் முகமாக அது இல்லை. உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

ஹஸீப் அறைக்கு ஓடினான். அந்த வரியை அழிக்க வேண்டும். இனிக் கேட்காது என்றிருந்த கறுப்புத் திரை கடவுச்சொல் கேட்டது. அடித்தான். கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திரையில் எழுதியது:

ஹஸீப் அனுமதிப் பட்டியலில் இல்லை. இது அறிவிக்கப்படும்.

யாருக்கு?

மறுநாள் ஒரு மணிக்கே கடையைப் பூட்டினான். மலையிலிருந்து இறங்கிய மழையில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. வளைவுக்கு வளைவு நனைந்த மண்ணின் வாடையும், யார் வீட்டிலோ காயப்போட்டு எடுக்க மறந்த கராம்பின் காரமும் ஜன்னல் வழியே வந்து தொண்டையில் தங்கின. வீட்டு முற்றத்தில் கால் வைத்தபோது, தகரத்தில் விழும் மழைக்கும் மேலாக ஆதிபா சிரிக்கும் சத்தம் கேட்டது. வாய்விட்டு, மூச்சு வாங்க.

ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தான்.

மேசையில் ஒருவன் முதுகு காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடுப்பில் ஹஸீபின் சாரம். ஹஸீபின் பிடரி. அவன் பக்கத்தில் ஆதிபா, அவிழ்ந்த கூந்தலோடு.

பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. கண்ணாடியை ஓங்கித் தட்டினான்.

“ஆதிபா! கதவத் தொற! நான்தான்!”

அவள் எழுந்து வந்தாள். கிட்ட வந்தாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. சட்டென்று தோளில் கிடந்த தாவணியை இழுத்துத் தலையில் போட்டு, அந்நிய ஆம்பிளைக்கு மறைப்பதுபோல் முகத்தின் பாதியை மறைத்தாள்.

“என்னங்க” என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “யாரோ ஒரு ஆளு. ஒங்க பேரச் சொல்லிக்கிட்டு நிக்கிறான்.”

கதிரை நகர்ந்தது.

சீமெந்துத் தரையில் காலடி. அவசரமில்லாமல்.

அவளுக்குப் பின்னால் ஹஸீபின் முகம் வந்து நின்றது. வாய் மென்றுகொண்டே இருந்தது. நடுங்கிய ஆதிபா அந்த மார்பில் சாய்ந்தாள். இடக்கை அவளை அணைத்தது. வலக்கை, சோற்றுப் பருக்கைகள் ஒட்டிய விரல்களால், ஜன்னல் திரையை மெல்ல இழுத்து மூடியது.