சாவிக்காரரின் காது

"எட்டு நிமிஷம் மூச்சு விடாம பேச ஒரு ஆள் வேணும்" என்று சித்தி கேட்டதும், வீட்டில் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தவள் வாயாடி. வயது பத்து. பள்ளிக்கூடம் லீவு. அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே சித்திதான்.

சித்திக்கு செல்போன் கம்பெனியில் வேலை. இப்போது போன் பேச்சும் இணையத்தின் வேக வழியிலேயே போகிறது. அது ஒழுங்காகப் போகிறதா என்று தெருத் தெருவாகச் சோதிக்க வேண்டும். வாயாடி தெருவில் நின்று போனில் பேசுவாள். சித்தி வண்டிக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்து கேட்பாள்.

காலை பதினோரு மணிக்கு ஒரு சாவிக்கடை முன்னால் நின்று வாயாடி பேசினாள். குரல் மணி மணியாகக் கேட்டது. லேப்டாப்பில் பச்சை விழுந்தது.

கடைக்குள் சாவிக்காரர் ஓர் இரும்புப் பெட்டியில் காதை வைத்து, பூட்டுக்குள் கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இதுதான் கடைசிப் பெட்டி பாப்பா. கடையை மூடப்போறேன்."

"ஏன் மாமா?"

"காது போச்சு. என் பொண்ணு தூரதேசத்துல இருக்கா. தினம் நாலு மணிக்குக் கூப்பிடுவா. பாதி வார்த்தை காதுல விழறதே இல்ல. 'சரிம்மா, சரிம்மா'ன்னு சமாளிக்கிறேன். போன வாரம் எதுக்கு சரி சொன்னேன்னே தெரியல. காது கேக்காம பூட்டு வேலை செய்ய முடியுமா?"

சொல்லிக்கொண்டே கம்பியை மெல்லத் திருப்பினார். "ம், உள்ள 'டிக்'னு விழுந்துடுச்சு" என்றார். பெட்டி திறந்தது.

வாயாடிக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. அவள் யோசித்தாள். பிறகு வண்டிக்கு ஓடினாள்.

"சித்தி, நாலு மணிக்கு மறுபடி வரலாமா?"

"எதுக்குடி? அதான் பச்சை காட்டுதே."

"இப்போ தெருவுல யாரு இருக்கா? ஒரே ஒரு பூனை. அது போன் பேசாது."

சித்தி சிரித்துவிட்டாள்.

நான்கு மணிக்குப் பக்கத்துக் கல்லூரி விட்டது. பஸ் நிறுத்தம் நிரம்பி வழிந்தது. ஆளாளுக்குக் கையில் வீடியோ. வாயாடி பேசத் தொடங்கினாள். சித்தியின் போனில் வந்தது இவ்வளவுதான்: "சித்... நா... கே... தா?"

லேப்டாப்பில் சிவப்பு விழுந்தது.

"என்ன ஆச்சு சித்தி?"

"குரலைத் துண்டு துண்டாத்தான் அனுப்புறோம். வீடியோவும் அதே வழியிலதான் போகுது. நெரிசல்ல மாட்டி லேட்டா வர்ற துண்டை போன் தூக்கிப் போட்டுடும்."

"அப்ப பேச்சுக்கு முதல்ல வழி விட்டா என்ன? வீடியோ கொஞ்சம் நின்னா யாரும் அழ மாட்டாங்க."

"அதுக்கு ஏற்பாடு இருக்கு. இந்தத் தெருவுக்குப் போடாம விட்டிருக்காங்க. இன்னிக்கே எழுதி அனுப்புறேன்."

வாயாடி சித்தியின் போனைச் சாவிக்காரர் கையில் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று பேசினாள். பிறகு ஓடி வந்து கேட்டாள்.

"நான் என்ன சொன்னேன் மாமா?"

அவர் தலைகுனிந்தார். "பாதிதான் கேட்டுது பாப்பா."

"சித்திக்கும் அப்படித்தான் கேட்டுது. சித்தி காதும் போச்சா? பூட்டுக்குள்ள 'டிக்'னு விழுந்தது எனக்கே கேக்கல, உங்களுக்குக் கேட்டுது!"

சாவிக்காரர் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"அப்ப கடையை..."

"மூடாதீங்க மாமா!"

நான்கு நாளில் சரி செய்துவிட்டார்கள். அன்று மாலை வாயாடியும் சித்தியும் கடைக்கு வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் அதே கூட்டம். நான்கு மணிக்குச் சரியாக மகள் கூப்பிட, போன் அடித்தது.

சாவிக்காரர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மாடி! நல்லா இருக்கியா?" என்று கேட்டார். பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்த்தது.

போனிலிருந்து ஓர் எழுத்துகூடச் சிதறாமல் பதில் வந்தது.

"நல்லா இருக்கேன்ப்பா! ஏன் இப்படிக் கத்துறீங்க? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது!"