எண்ணெய் உறையாத அறை

அந்தக் காலத்து பெங்களூரில் டிசம்பர் பிறந்தால் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே வெள்ளையாக உறைந்துவிடும். காலையில் அதை வெயிலில் வைத்து உருக்கிய பிறகுதான் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவார்கள். ஏரிப் பக்கமிருந்து வரும் பனி, எட்டு மணி வரைக்கும் தெருவை விட்டு நகராது.

ஜோகுபாளையத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்றில் யூனிஸ் இருந்தாள். அவளுக்குப் பத்து வயது. தம்பி கிளாரன்ஸுக்கு நான்கு வயது. குளிர் வந்தால் கிளாரன்ஸுக்கு மூச்சு இழுக்கும். பூனை உறுமுவதுபோல நெஞ்சுக்குள் சத்தம் கேட்கும்.

அது யுத்த காலம். விறகும் கரியும் விலை ஏறிக்கொண்டே போயின. இருந்தாலும் அம்மா கேத்தரின் தினமும் கணப்புச் சட்டியில் கரி போட்டுக் கூடத்தைச் சூடாக்கினாள். சூடு வந்தது, கூடவே புகையும் வந்தது. கிளாரன்ஸ் இன்னும் அதிகமாக இருமினான்.

"பையனுக்குக் கதகதப்பு வேணும். ஆனா புகை ஆகவே ஆகாது" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

"புகையில்லாத நெருப்புக்கு நான் எங்க போவேன்?" என்றார் அப்பா ஜெயராஜ். அவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தார். பிறகு, "கேத்தரின், நீ இவனைக் கூட்டிக்கிட்டு சேலத்துக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு. குளிர் போனதும் வந்தாப் போதும்" என்றார்.

யூனிஸ் குறுக்கே வந்து நின்றாள். "அப்போ கிறிஸ்துமஸ்?"

"நானும் நீயும் கோயிலுக்குப் போயிட்டு வருவோம்மா."

அம்மாவும் தம்பியும் இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ்! யூனிஸ் எழுந்துபோய், தான் படுக்கும் சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டாள். பாதி அறையை ஒரு பழைய மர அலமாரி அடைத்திருக்கும். மீதி இடத்தில் அவளுடைய பாய்.

மறுநாள் காலை அம்மா கூப்பிட்டாள். "யூனிஸ், எண்ணெய் பாட்டிலை எங்கடி வெச்சே? வெயில்ல வைக்கணும்."

"நேத்து என் ரூம்லயே விட்டுட்டேம்மா."

யூனிஸ் பாட்டிலைக் கையில் எடுத்தாள். உள்ளே எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆடியது. கொஞ்சம்கூட உறையவில்லை!

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று ராத்திரி பாட்டிலைக் கூடத்தில் வைத்தாள். காலையில் கல் மாதிரி உறைந்திருந்தது. அடுத்த ராத்திரி மறுபடி தன் அறையில் வைத்தாள். உறையவே இல்லை.

'உனக்கு மட்டும் குளிரே கிடையாதுடி' என்று அம்மா அடிக்கடி சொல்வாளே! குளிர் இல்லாதது தனக்கா, இந்த அறைக்கா?

யூனிஸ் சுவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மூன்று சுவரும் ஜில்லென்று இருந்தன. அலமாரிக்குப் பின்னால் கையை நுழைத்து நான்காவது சுவரைத் தொட்டாள். இதமான சூடு!

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பக்கத்துக் கட்டடம் டெஸ்மண்ட் அங்கிளின் ரொட்டிக் கடை. யூனிஸ் அங்கே ஓடினாள்.

"அங்கிள், உங்க அடுப்பு எந்தப் பக்கம் இருக்கு?"

டெஸ்மண்ட் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே, "உங்க வீட்டுச் சுவரை ஒட்டித்தான். ஏன், சூடு ஜாஸ்தியா இருக்கா?" என்று கவலையோடு கேட்டார்.

"இல்லை அங்கிள். ரொம்ப நல்லா இருக்கு! அது ராத்திரி அணைஞ்சிடுமா?"

"நெருப்பு அணைஞ்சாலும் செங்கல் அவ்வளவு சீக்கிரம் ஆறாதும்மா. விடியறதுக்குள்ள நான் திரும்பப் பத்த வெச்சிடுவேன்."

யூனிஸ் வீட்டுக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தச் சுவரில் வைத்தாள். பாட்டிலையும் காட்டினாள். அப்பா பாட்டிலை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா நம்ம அலமாரி குளிர் காஞ்சிருக்கு!" என்று சிரித்தார்.

"அதை வெளியே எடுத்துட்டா, அம்மாவும் கிளாரன்ஸும் இங்கேயே படுத்துக்கலாம்ப்பா. சேலத்துக்குப் போக வேண்டாம்."

"அப்போ நீ?"

யூனிஸ் சற்றுத் தயங்கினாள். "நான் கூடத்துல படுத்துக்கறேன். எனக்கு ரெண்டு கம்பளி குடுத்தாப் போதும்."

பின்னாலேயே வந்திருந்த அம்மா அவளை அருகே இழுத்து அணைத்துக்கொண்டாள். "அலமாரி போனா அறை பெரிசாயிடும்டி. நாலு பேரும் நெருக்கிப் படுத்துக்கலாம்."

அப்பா ஒரு பக்கமும் டெஸ்மண்ட் ஒரு பக்கமுமாக அலமாரியைக் கூடத்துக்குத் தூக்கிப்போனார்கள். அன்று முதல் கணப்புச் சட்டிக்கு வேலை இல்லை. சேலம் பேச்சும் நின்றது. நாளாக நாளாகக் கிளாரன்ஸின் இழுப்பு குறைந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தெருவே கேக் மாவைத் தட்டுகளில் ஏந்திக்கொண்டு டெஸ்மண்டின் கடைக்கு வந்தது. அடுப்பு ஓயாமல் எரிந்தது. நான்கு பேரும் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். அறை முழுக்கக் கேக் வாசனை.

கிளாரன்ஸுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து சுவரில் வாயை வைத்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்:

"டெஸ்மண்ட் அங்கிள்! சூடு போதும்! கேக் குடுங்க!"

வாய்விட்டுச் சிரித்த அம்மாவும் அப்பாவும் சட்டென்று நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு சத்தமாகக் கத்தியும் அவனுக்கு ஒரு இருமல்கூட வரவில்லை.