அப்பாவும் நீளத் தடியும்

ரஞ்சினியின் அப்பா கேதீஸ்வரன் பனிச்சறுக்கைப் புத்தகத்தில் படித்துத்தான் கற்றுக்கொண்டார்.

1976ஆம் ஆண்டு ஆகஸ்ட் குளிர்கால விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே, சிட்னியில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தார். பின்னேரங்களில் வரவேற்பறைக் கம்பளத்தில் நின்று, முழங்காலை மடித்து, இரண்டு குடைகளை ஊன்றி, இடமும் வலமும் அசைந்து பழகினார்.

“இஞ்சாருங்கோ, குடை உடைஞ்சால் மழைக்கு என்ன செய்யிறது?” என்று குசினியில் சமைத்தபடி அம்மா சத்தியபாமா கேட்டார்.

“பாமா, இது முழுக்கக் கணக்கு. சரிவின்ர கோணம், உடம்பின்ர பாரம், வேகம். மூண்டும் தெரிஞ்சால் விழவே மாட்டம்!”

பத்து வயது ரஞ்சினி கதிரையில் இருந்தபடி சிரித்தாள். அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். உலகத்தில் உள்ள எதையும் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் விளக்கிவிடலாம் என்று நம்புகிறவர்.

விடுமுறை வந்தது. ஏழு மணி நேரம் காரில் போனார்கள். மலையடிவாரத்தில் அப்பா இறங்கி, சக்கரங்கள் வழுக்காமல் இருக்கச் சங்கிலி மாட்டினார். மாட்டி முடிக்கும்போது அவர் மூக்கு சிவந்துவிட்டது. ஆனாலும் பாட்டு முணுமுணுத்தபடியே வந்தார்.

பெக்கட் பள்ளத்தாக்கு ஸ்நோவி மலைகளுக்கு நடுவே இருந்தது. நூறு வருடங்களுக்கு மேலாக அங்கே ஆட்கள் பனியில் சறுக்குகிறார்களாம். மரத்தால் கட்டிய பழைய விடுதி ஒன்றில் அவர்கள் தங்கினார்கள். அதை நடத்தியவர் மிஸிஸ் லார்சன். நோர்வேயிலிருந்து வந்தவர். அவருடைய கணவர் முன்பு அந்த மலைகளில் அணைக்கட்டு வேலை செய்தவராம்.

முதல் நாள் காலை, சிறுவர்களுக்கு ஒரு வகுப்பு, பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு. சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஃபிரான்ஸ் என்ற இளைஞர். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம்தானோ என்று ரஞ்சினி நினைத்தாள்.

“முழங்காலை மடி! முழங்காலை மடி!”

ரஞ்சினி முழங்காலை மடித்தாள். இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் முறை, காலில் மாட்டிய நீளமான பலகைகள் இரண்டும் அவள் சொன்னபடி கேட்டன. மதியத்துக்குள் திரும்பவும் நிற்கவும் வந்துவிட்டது. காற்று காதுக்குள் கூவ, பனி காலடியில் சர்ரென்று பிரிய, அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதைவிடப் பெரிய சந்தோஷம் டெபி. நியூகாசிலிலிருந்து வந்த டெபிக்கு முகமெல்லாம் புள்ளிகள், வாய் ஓயாத பேச்சு. “நீ என்னோடு சாப்பிடு. நீ என்னோடு மேலே இழுக்கிற கயிற்றில் வா. நீதான் இங்கே கெட்டிக்காரி” என்றாள். சிட்னிப் பள்ளிக்கூடத்தில் ரஞ்சினி இரண்டு வருடமாக மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். ‘நீ என்னோடு’ என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

அப்பாவின் கதை வேறு.

அப்பாவுக்குப் போகத் தெரிந்தது. நிற்கத் தெரியவில்லை. கொஞ்சம் வேகம் பிடித்ததும் பயந்து, கைகளை இரண்டு பக்கமும் விரித்து, பொத்தென்று பின்பக்கமாக அமர்ந்துவிடுவார். பிறகு எழும்ப முடியாது. மண்ணிறக் கோட்டோடும் காதுவரை இழுத்த கம்பளித் தொப்பியோடும் பலகைகள் வானத்தைப் பார்க்கக் கிடப்பார்.

இரண்டாம் நாள் காலை, வகுப்பில் இருந்த கிரெய்க் என்ற பையன் அதைப் பார்த்துவிட்டான்.

“ஏழாவது தடவை!” என்றான். “நான் எண்ணிக்கொண்டு இருக்கிறேன்.”

“புரண்டு விழுந்த வண்டு மாதிரி!” என்று டெபி கையைக் காலை ஆட்டிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். “அந்த ஆள் யாரென்று தெரியுமா, ரஞ்சினி?”

தெரியும் என்று சொன்னால் டெபி என்ன நினைப்பாள்? நாளைக்கும் ‘நீ என்னோடு வா’ என்பாளா?

“தெரியாது” என்றாள் ரஞ்சினி. அவளும் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா எழும்பிவிட்டார். கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையை உயர்த்தினார்.

ரஞ்சினி குனிந்து, சரியாகவே இருந்த சப்பாத்தின் கொக்கியை மாட்டுவதுபோல் பாவனை செய்தாள்.

நிமிர்ந்தபோது அப்பாவின் கை கீழே இறங்கியிருந்தது. அவர் பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

மதியம் சாப்பிடும்போது அப்பா ரஞ்சினியின் தட்டில் தன்னுடைய உருளைக்கிழங்கையும் எடுத்து வைத்தார்.

“எனக்கு முழங்கால் கொஞ்சம் நோகுது” என்றார். “நாளையிலிருந்து நான் உள்ளுக்கை இருந்து பேப்பர் வாசிக்கப் போறன். நீ வடிவாப் பழகு, பிள்ளை.”

“எண்ணெய் போட்டு விடட்டே?” என்று அம்மா கேட்டார்.

“வேண்டாம், வேண்டாம். இருந்தால் சரியாப் போயிடும்.”

ரஞ்சினி உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். சற்று முன்புதான் அப்பா மேல்மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனதை அவள் பார்த்திருந்தாள். முழங்கால் நோகிறவர் அப்படி ஏறமாட்டார்.

பின்னேரம், ஈரச் சப்பாத்துகளைக் காய வைக்கும் அறைக்கு அவள் போனாள். அப்பாவின் வாடகைச் சப்பாத்துகள் துடைத்து, சோடியாகக் கட்டி, கதவோரம் வைக்கப்பட்டிருந்தன. மிஸிஸ் லார்சன் அவற்றை எடுக்கக் குனிந்தார்.

“கொண்டு போகாதீர்கள்!” என்றாள் ரஞ்சினி.

“உன் அப்பா இனி வேண்டாம் என்றாரே?”

“நாளைக்கு மட்டும் இருக்கட்டும். ப்ளீஸ்.”

மிஸிஸ் லார்சன் அவளைப் பார்த்தார். சப்பாத்துகளைத் திரும்ப வைத்துவிட்டு, ஈரக் காலுறைகளைக் கம்பியில் விரிக்கத் தொடங்கினார்.

ரஞ்சினி அங்கேயே ஒரு மர வாங்கில் இருந்தாள். எப்படிச் சரிசெய்வது? மன்னிப்புக் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டபிறகும் அப்பாவுக்கு நிற்கத் தெரியாதே. அவர் மறுபடி விழுவார். எல்லோரும் மறுபடி சிரிப்பார்கள்.

அப்போதுதான் எதிர்ச் சுவரில் இருந்த பழைய படம் கண்ணில் பட்டது. ஏழு தாடிக்காரர்கள் பனியில் நின்றார்கள். காலில் முரட்டுப் பலகைகள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு நீளத் தடியைக் கால்களுக்கு நடுவே வைத்து, குதிரையில் இருப்பதுபோல் அதில் இருந்தார்கள்.

“இவர்கள் ஏன் தடியில் ஏறி இருக்கிறார்கள்?”

“அவர்களா? இந்தப் பக்கம் தங்கம் தோண்ட வந்தவர்கள்” என்றார் மிஸிஸ் லார்சன். “வேலிப் பலகையைச் சீவிக் காலில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்குவார்கள். ஒழுங்காக நிறுத்தத் தெரியாது. தடியில் பாரத்தைப் போட்டால் அது பனியைக் கீறும். வேகம் குறையும்.”

ரஞ்சினி வாங்கை விட்டு எழும்பினாள். “நிறுத்தத் தெரியாதவர்களும் விழாமல் இறங்கினார்களா?”

“இறங்கினார்கள். போட்டிகூட வைத்தார்கள்.”

“உங்களிடம் ஒரு நீளத் தடி இருக்கிறதா?”

மிஸிஸ் லார்சன் யோசித்தார். “துணிக் கொடிக்கு முட்டுக் கொடுக்கிற தடி பின்பக்கம் கிடக்கிறது. இந்தக் குளிரில் யார் துணி காயப் போடுகிறார்கள்? எடுத்துக்கொள்.”

மறுநாள் காலை, அப்பா கணப்பு அடுப்பருகே பேப்பரை விரித்துக்கொண்டு இருந்தார். ரஞ்சினி அவர் காலடியில் சப்பாத்துகளை வைத்தாள்.

“அப்பா, நேற்று நீங்கள் கை காட்டினீங்கள்.”

“அதுவா?” அப்பா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்தினார். “வெயில் பனியிலை பட்டுக் கண்ணைக் கூசிச்சுது. உனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“இல்லை அப்பா. எனக்குத் தெரிஞ்சது.” அவள் குரல் உடைந்தது. “அவையள் சிரிச்சவை. நானும் சிரிச்சனான். உங்களைத் தெரியாதெண்டும் சொன்னனான்.”

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. அப்பா அவளை இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். பேப்பரை நான்காக மடித்து ஓரமாக வைத்தார்.

“நான் விழுகிறதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்” என்றார் கடைசியில். “உனக்கு ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கு. என்னாலை அது கெட்டுப்போகக் கூடாதெண்டுதான் உள்ளுக்கை இருக்கிறன்.”

ரஞ்சினி கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தாள். “உங்கட முழங்கால் நோகேல்லையே?”

“கணக்கு வாத்தியாரின்ர பிள்ளை எல்லாத்தையும் எண்ணிப் பார்க்கும்போலை” என்றார் அப்பா.

“அப்ப சப்பாத்தைப் போடுங்கோ. உங்களுக்கு ஒண்டு காட்ட வேணும்.”

வெளியே வகுப்பு கூடிக்கொண்டிருந்தது. “ரஞ்சினி, வா! இன்றைக்குப் பெரிய சரிவாம்!” என்று டெபி கத்தினாள். பிறகு அவள் கண்கள் நீளத் தடியைப் பார்த்தன. மண்ணிறக் கோட்டையும் பார்த்தன.

ரஞ்சினி தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். நேரே டெபியிடம் போனாள்.

“நேற்று நான் பொய் சொன்னேன். இது என் அப்பா.”

டெபியின் முகத்தில் புள்ளிகளே தெரியாத அளவுக்குச் சிவப்பு ஏறியது. “நான் வண்டு என்று சொன்னேனே” என்றாள் சின்னக் குரலில்.

“நானும் சிரித்தேனே. இன்றைக்கு நான் பெரிய சரிவுக்கு வரவில்லை. அப்பாவோடு சின்னச் சரிவுக்குப் போகிறேன்.”

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். டெபி பின்னால் வருகிறாளா இல்லையா என்று பார்க்கப் பயமாக இருந்தது.

சின்னச் சரிவின் பாதியில் அப்பாவை நிறுத்தி, தடியைக் கால்களுக்கு நடுவே கொடுத்தாள்.

“வேகம் வந்தால் விழாதேங்கோ அப்பா. தடியிலை இருங்கோ.”

“இதென்ன, சூனியக்காரி விளக்குமாறு மாதிரி!”

“இருங்கோவன்!”

முதல் முறை தடி பக்கவாட்டில் வழுக்கியது. அப்பா பொத்தென்று விழுந்தார். இரண்டாம் முறையும் அப்படியே. ரஞ்சினி யோசித்தாள். சுவரில் இருந்த தாடிக்காரர்கள் தடியை எவ்வளவு பின்னால் பிடித்திருந்தார்கள்? அவள் தடியின் நுனியைப் பின்பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

“இப்ப முழுப் பாரத்தையும் போடுங்கோ. பயப்பிடாமல்.”

அப்பா புறப்பட்டார். வேகம் பிடித்தது. கைகள் விரியப் பார்த்தன. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தடியில் அமர்ந்தார். பின்னால் பனி சர்ரென்று கீறியது. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. அப்பா நின்றார். இரண்டு காலிலும் நின்றார்.

“உராய்வு!” என்று கத்தினார். “பிள்ளை, உராய்வு! இதைப் போய் மறந்திட்டனே!”

அடுத்தமுறை சரிவின் உச்சியிலிருந்து வந்தார். ரஞ்சினி பக்கத்திலேயே சறுக்கினாள். தொப்பி பறந்தது. அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. கீழே, சேலைக்கு மேல் இரண்டு கோட்டுகள் போட்டுக்கொண்டு அம்மா நின்றிருந்தார். அவருக்கு மூன்றடி முன்னால் அப்பா வந்து நின்றார்.

“பாமா! நிண்டிட்டன்!”

“தெரியுது” என்றார் அம்மா. அவர் கண்கள் ஈரமாக இருந்தன. “இனி அந்தத் தடியை விட்டு இறங்குங்கோ. ஆக்கள் பாக்கினம்.”

ஆட்கள் உண்மையாகவே பார்த்தார்கள். ஃபிரான்ஸின் வகுப்பு முழுவதும் பெரிய சரிவுக்குப் போகாமல் அங்கே நின்றது. எல்லோருக்கும் முன்னால் டெபி, பறந்துபோன கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதை அப்பாவிடம் நீட்டினாள்.

“உங்களைப் பற்றி நான் ஒரு மோசமான வார்த்தை சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றாள். உடனே, மூச்சு விடாமல், “எனக்கும் ஒருதரம் அந்தத் தடியைத் தருவீர்களா?” என்று கேட்டாள்.

“எனக்கும்!” என்றான் கிரெய்க்.

“அது நூறு வருடத்துக்கு முந்திய முறை” என்று ஃபிரான்ஸ் முகத்தைச் சுளித்தார். கொஞ்ச நேரம் தடியையே பார்த்தார். “அவர்களுக்குப் பிறகு நானும் ஒருதரம்.”

அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு வகுப்பறைக் குரலில் சொன்னார்: “வரிசை! தள்ளாமல் வரிசையில் நில்லுங்கள்!”

அன்று முழுவதும் அந்தத் தடி ஓயவே இல்லை. டெபி நான்கு முறை விழுந்தாள். ஒவ்வொரு முறையும் அப்பாதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மதியம் டெபி தன் தட்டையும் தூக்கிக்கொண்டு வந்து, ரஞ்சினிக்கும் அப்பாவுக்கும் நடுவில் இடம் பிடித்து இருந்துகொண்டாள்.

இரவுச் சாப்பாட்டு நேரம், அப்பா சூப் குடித்தபடியே விளக்கத் தொடங்கினார்.

“பாரும் பாமா, தடிக்கும் பனிக்கும் இடையிலை இருக்கிற கோணம் இருக்கெல்லோ, அதைக் கொஞ்சம் கூட்டினால்…”

வசனம் அங்கேயே நின்றது. அப்பாவின் தலை மெல்லச் சாய்ந்தது. கரண்டியைப் பிடித்தபடியே நித்திரையாகிவிட்டார். உதட்டில் மட்டும் சிரிப்பு இருந்தது.

“எழுப்பட்டே?” என்று அம்மா கேட்டார்.

“வேண்டாம் அம்மா” என்றாள் ரஞ்சினி. அவர் கையிலிருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு தன் கதிரையை நகர்த்தி, சாயும் தலைக்குத் தன் தோளைக் கொடுத்துக்கொண்டு, மற்றக் கையால் சூப்பைக் குடித்து முடித்தாள்.